கடலில் நடந்த இடது செருப்பு

கிளாரன்ஸ் டிரிங், வில்ஃப் ஓட்லிங்குக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தைந்து பவுண்டு. வீட்டை விற்று அடைக்கிற கடன் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவல் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற தொகை. அந்த அளவுக்குப் பணம் கிளாரன்ஸின் பையில் எப்போதும் இருக்கும். ஆனாலும் அந்தக் கடனைக் கொடுக்க வழி தெரியாமல் ஒரு இலையுதிர்காலத்தையே அவர் பாழாக்கிக்கொண்டார். காரணம் ஒரு செருப்பு. அதுவும் ஒற்றைச் செருப்பு. கட்டைவிரல் நீளம்கூட வராது.

அவரைப் பார்த்துச் சிரிக்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிங்கன்ஷைரின் இந்தச் சதுப்பு ஓரத்தில் காலடியில் இருக்கிற பூமியெல்லாம் தண்ணீரிடமிருந்து பிடுங்கியது. பட்டம் வாங்கியவர்கள் காகிதத்தில் கோடு போட்டார்கள். இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கோட்டை வாய்க்காலாக வெட்டியது எங்களைப் போன்ற ஆட்கள். கிளாரன்ஸ் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, மாமாவின் மண்வெட்டியோடு அந்த வேலைக்குப் போனவர். முப்பது வயதில் சொந்தமாக ஒரு தோண்டும் இயந்திரம் வாங்கினார். ஐம்பதில் மூன்று இருந்தன. இன்றைக்கு அவர் குடியிருக்கும் மஞ்சள் செங்கல் வீட்டில் கடன் வாங்கிப் பூசிய சுண்ணாம்பு ஒரு கரண்டிகூட இல்லை. எங்கள் ஸ்கெல்பியில் மழை பெய்து மறுநாளே டிராக்டர் இறக்க முடிகிற வயல் எதுவாக இருந்தாலும், அதன் அடியில் கிளாரன்ஸ் பதித்த குழாய் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்றால் என்ன செய்வார்? மண்ணைத் தோண்டாமல் கை நிற்காது. உலோகம் தேடுகிற கருவி ஒன்றை வாங்கினார். காதில் ஒலிப்பான், கையில் நீளத் தடி, அதன் நுனியில் தட்டு. பூமிக்குள் ஒரு பொத்தான் இருந்தாலும் கீச்சென்று கூப்பிடும்.

இந்தப் பொழுதுபோக்கில் கருவி முக்கியமில்லை, வயல்தான் முக்கியம். நிலத்துக்காரன் சம்மதிக்காமல் ஒரு அடி வைக்க முடியாது. வில்ஃப் ஓட்லிங் சம்மதித்தார். முப்பதடியான் என்று நாங்கள் சொல்கிற பெரிய வடிகாலுக்கு மேற்கே, கொஞ்சம் மேடான கோதுமை வயல் அவருடையது. கேட்டருகே நின்று இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"எது கிடைச்சாலும் பாதி பாதி," என்றார் வில்ஃப்.

"பாதி பாதி," என்றார் கிளாரன்ஸ்.

அந்த வார்த்தையை அவர் எப்படிக் காப்பாற்றினார் என்பதற்கு வில்ஃபின் கொட்டகை அலமாரியே சாட்சி. பதினோரு வருஷத்தில் அந்த வயல் கொடுத்தது வளைந்த ஆணியும், ஈயக் குண்டும், வேட்டைத் தோட்டாவின் பித்தளை மூடியும்தான். அதிலும் சரிபாதி எண்ணி, ஜாம் போத்தலில் போட்டு, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஒற்றைப்படையாக வந்த வருஷத்தில் ஒரு தோட்டா மூடியை ரம்பத்தால் இரண்டாக அறுத்ததை நானே பார்த்திருக்கிறேன். வில்ஃபும் அந்தப் போத்தல்களில் ஒன்றைக்கூட எறியவில்லை.

செப்டம்பரில், கோதுமை அறுத்த தாளுக்கு நடுவே, வயலின் கோடியில் நிற்கும் ஓக் மரத்துக்குத் தெற்கே கருவி கூப்பிட்டது. ஒரு கை ஆழத்தில் அது கிடந்தது. செருப்பின் அடிப்பாகம் போலச் செய்த சின்ன வெண்கலத் தகடு. குதிகால் பக்கம் ஒரு வளையம், முதுகுப்புறம் உடைந்த ஊசியின் மிச்சம். நடுவில் நீல எனாமல். செருப்பில் ஆணி அடித்தது போல அதில் மஞ்சள் பொட்டுகள். தோளில் துணியைக் குத்திக்கொள்ள யாரோ ஒருவன் போட்டிருந்த புரூச். எச்சில் தொட்டு மண்ணைத் துடைத்ததும் அந்த நீலம் நேற்று அடித்த பெயின்ட் மாதிரி எழுந்தது. கிளாரன்ஸ் தாள் குத்துகிறது என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

முறைப்படி நேராக வில்ஃபிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் வில்ஃப் அன்றைக்கு மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். சாயங்காலம் பப்பின் பின்னறையில் தேடுகிறவர்களின் சங்கக் கூட்டம் இருந்தது. பதினோரு வருஷம் தோட்டா மூடி காட்டியவரின் சட்டைப்பையில் ஒரு ரோமானியச் செருப்பு இருந்தால், விடியும்வரை அது அங்கே இருக்குமா?

லிங்கன் அருங்காட்சியகத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து, எங்கள் ஆட்கள் கண்டெடுத்ததையெல்லாம் பதிவு செய்கிற பெண் பிலிப்பா. அவள் அதைப் பஞ்சின் மேல் வைத்து லென்ஸால் பார்த்தாள்.

"மிஸ்டர் டிரிங், இது ரோமானியக் காலத்துது. ரெண்டாம் நூற்றாண்டு இருக்கும். இந்த மாதிரிச் செருப்பு நான் நாலஞ்சு பாத்திருக்கேன். ஆனா எனாமல் இவ்வளவு முழுசா இருக்கறது இதுதான்."

டெஸ்மண்ட் ஸ்னீத், கிளாரன்ஸின் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டினான். சங்கத்திலேயே வாய் பெரியவன். கண்டெடுத்ததை விற்பான், அடுத்தவன் வயலுக்கு அலைவான்.

"வலது கால்," என்றான்.

"இடது," என்றார் கிளாரன்ஸ்.

"திருப்பிப் பாருய்யா, வலது."

"திருப்பிப் பாத்தா உனக்கும்தான் மூஞ்சி இல்லை."

"ஊசி இருக்கறது பின்பக்கம். அப்ப இதுதான் முன்பக்கம். இடது கால்தான்," என்று பிலிப்பா தீர்ப்புச் சொன்னாள்.

"எந்தக் காலா இருந்தா என்ன, தொண்ணூறு பவுண்டு போகும்," என்றான் டெஸ்மண்ட்.

பிலிப்பா பேனாவை எடுத்தாள். "எங்க கிடைச்சுது?"

எல்லார் காதும் கிளாரன்ஸ் பக்கம் திரும்பியது. பக்கத்து மேஜையில் பன்றிக்கறி அடைத்த அப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தவன்கூடக் கத்தியை நிறுத்தினான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. கிடைத்த இடத்தைச் சபையில் உள்ளபடி சொல்கிறவன் இல்லை. ஒரு வயல் தள்ளிச் சொல்வது மரியாதை, இரண்டு வயல் தள்ளிச் சொல்வது முன்ஜாக்கிரதை. கேட்கிறவனும் அதைக் கழித்துக்கொண்டுதான் கேட்பான். பிறகு பிலிப்பாவைக் காருக்கு அருகில் தனியாகப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள். கிளாரன்ஸின் புத்தி அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் ஓடியது. ஒரு வயல் தள்ளிச் சொன்னால் இந்த ஸ்னீத் கழித்துப் பார்த்து நேரே வில்ஃபின் கேட்டில் போய் நிற்பான். எவனும் கழிக்க முடியாத இடம் ஒன்று வேண்டும். எவனும் கால் வைக்கப் பயப்படுகிற இடம்.

"லெகட் அம்மா நிலம். முப்பதடியானுக்குக் கிழக்க."

"எனிட் லெகட்டா!" என்றான் டெஸ்மண்ட். "உள்ள போய் உசுரோட எப்படிய்யா வந்த?"

"பன்னியெல்லாம் அசந்து தூங்கற நேரமாப் பாத்துப் போனேன்."

பிலிப்பாவின் பேனா நின்றது. "கிழக்கா? மேற்கன்னு சொல்ல வந்தீங்களா?"

"இந்தாம்மா, அம்பது வருஷம் வாய்க்கால் வெட்டினவன். எனக்குக் கிழக்கு மேற்கு தெரியாதா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, எழுதிக்கொண்டாள். அவள் கிளம்பும்போது கிளாரன்ஸைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பியர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கார்வரை போக அவருக்கு நேரமில்லை.

மறுநாள் காலை அவர் முட்டையை உடைப்பதற்குள் வாசலில் டிராக்டர் வந்து நின்றது. கதவைத் திறந்த மனைவி பெரில் உள்ளே பார்த்துச் சொன்னாள்: "கிளாரன்ஸ், உன்னைத் தேடிக்கிட்டுப் பன்னி வாசம் ஒண்ணு வந்திருக்கு."

எனிட் லெகட் அறுபது வயது விதவை. தனியாளாக நின்று பன்றி வளர்த்துக் கரையேறியவர். அவர் வேலியில் "உள்ளே வராதே" என்று பலகை கிடையாது. தேவைப்பட்டதில்லை.

"டிரிங், யாரைக் கேட்டுய்யா என் நிலத்துல கால் வெச்ச?"

கிளாரன்ஸ் பெரிலைப் பார்த்தார். ஓட்லிங் வயலுக்கென்று நேற்று ரொட்டி கட்டிக் கொடுத்தவள் பெரில். அவள் புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொன்னால் சங்கத்தில் பொய்யன் ஆகவேண்டும். ஆமாம் என்று சொன்னால் அத்துமீறி நுழைந்தவன் ஆகவேண்டும்.

"தெரியாம... வழி தவறி..."

"முப்பதடி அகல வாய்க்காலைத் தாண்டி வழி தவறுமா? சரி போகட்டும், அதுக்கு நான் வரலை. தொண்ணூறு பவுண்டாமே. உங்க ஆளுங்க வழக்கம் பாதி பாதிதானே? நாப்பத்தஞ்சை எடு."

எடுத்துக் கொடுத்தார். வேறென்ன செய்வார்? அந்த அம்மா அதை மேலங்கியின் மார்புப் பையில் திணித்துக்கொண்டு, டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஓட்லிங் வயல்ல எடுத்ததுக்கு லெகட் அம்மாவுக்குக் கப்பமா?" என்றாள் பெரில்.

"உனக்குப் புரியாது."

"எனக்கு நல்லாப் புரியுது. இப்பவே போய் வில்ஃப்கிட்ட நடந்ததைச் சொல்லு. அவர் பங்கையும் குடு. முட்டையை நான் தின்னுக்கறேன்."

கிளாரன்ஸ் இன்னொரு நாற்பத்தைந்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு போனார். வில்ஃப் முற்றத்தில் மருந்தடிக்கும் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளாரன்ஸ் வருவதற்குள், வீடு திரும்பும் வழியில் எனிட் லெகட் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி, ரோமாபுரிக்காரன் வந்திறங்கியதே தன் பக்கம்தான், அதற்குப் பாதிக் காசும் கைக்கு வந்துவிட்டது என்று இந்தக் கரைக்குக் கேட்கும்படி கூவிவிட்டுப் போயிருந்தார்.

"வா கிளாரன்ஸ். பூட்ஸ்ல இருக்கறது எந்தப் பக்கத்துச் சேறு?"

"வில்ஃப், ஒரு விஷயம்..."

"வேண்டாம். நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. என் மண்ணுல என்ன இல்லைன்னு நீ அங்க போன?"

"அதில்லை வில்ஃப்..."

"அறுப்பு முடிஞ்சா முதல் போன் உனக்குத்தானே போட்டேன்? நீ ஒரு சுத்து நடந்து முடிக்கட்டும்னு வைக்கோல் கட்ட வந்தவனை நிறுத்தி வெச்சேன். அந்த ஸ்னீத் விஸ்கி பாட்டிலோட வந்து கெஞ்சினான்யா. இங்க ஏற்கெனவே ஒருத்தர் வர்றார்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். பாட்டிலையும் சேத்து." வில்ஃபின் குரல் தடுமாறியது. குழாயை மூடினார். "எத்தனை நாளா நடக்குது இது?"

கிளாரன்ஸின் கை பையில் இருந்த பணத்தின் மேல் இருந்தது. உண்மையைச் சொன்னால், வில்ஃபின் வயலைத் தவிர வேறெங்கும் போகாத யோக்கியன் அவர். ஆனால் வில்ஃபுக்குச் சேர வேண்டியதை எனிட் லெகட்டுக்குக் கொடுத்த துரோகி. உண்மையை மறைத்தால் கணக்கில் சுத்தமானவர், ஆனால் கண்ட வயலுக்கும் போகிறவர். எதைச் சொன்னால் வயல் தங்கும் என்று அவர் யோசித்துக்கொண்டே நின்றார். அந்த யோசனை வில்ஃபின் கண்ணுக்குக் குற்றமாகவே தெரிந்தது.

"வயல் கேட்டுச் சாவியைக் குடு," என்றார் வில்ஃப்.

கிளாரன்ஸ் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவர் மனிதராக இல்லை. ஐம்பது வருஷம் மூவாயிரம் ஏக்கரை உலர்த்திய மனிதருக்கு, உலகத்தில் நடப்பதற்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு கோதுமை வயல்தான். போதாததற்கு, வில்ஃப் சாவியை ஸ்னீத்துக்குக் கொடுக்கப்போகிறார் என்று ஊரில் பேச்சு வேறு. குளிர்காலக் கோதுமை விதைப்பதற்கு முன்னால் கொடுத்துவிடுவாராம். புரூச் சமையலறை ஜன்னலில் ஒரு முட்டைக் கிண்ணத்தில் கிடந்தது. கிளாரன்ஸ் அதைப் பார்க்காமல் டீ குடிக்கப் பழகிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எனிட் லெகட் போனில் கூப்பிட்டார்.

"டிரிங், யோசிச்சுப் பாத்தேன். ஒத்தைச் செருப்போட எவனாவது ஊருக்குப் போவானா? வலது கால் இன்னும் இங்கதான் கிடக்கணும். கருவியை எடுத்துக்கிட்டு வா."

"அது நிஜச் செருப்பு இல்லைம்மா, புரூச். ஜோடியா இருக்கணும்னு..."

"வர்றியா, இல்லை அத்துமீறி நுழைஞ்சேன்னு போலீஸ்ல சொல்லவா?"

போனார். வாராவாரம் போனார். இல்லாத வலது செருப்பை, தான் எடுக்காத நிலத்தில், எடுத்ததாகச் சொன்ன பாவத்துக்காகத் தேடினார். எனிட் லெகட்டின் பன்றிகளுக்கெல்லாம் மூக்கில் வளையமும் காதில் தகடும் உண்டு. கருவிக்கு அது பெரிய குதூகலமாகிவிட்டது. எந்தப் பன்றி அருகில் வந்தாலும் கீச்சென்று கூப்பிடும். அந்தச் சத்தம் பன்றிகளுக்குப் பிடித்துப்போனது. பத்துப் பதினைந்து பெண் பன்றிகள் அவர் பின்னாலேயே வரிசையாக நடக்கப் பழகின. ஒன்று ஒலிப்பானைத் தின்றுவிட்டது. இன்னொன்று தட்டின் மேலேயே படுத்துக்கொண்டு, எவ்வளவு தள்ளியும் எழவில்லை.

"தள்ளாதே, அவளுக்கு அது சுகமா இருக்கு," என்பார் எனிட், வேலியில் சாய்ந்து பிளம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றபடி. "அந்தப் பக்கம் தேடு. ரோமாக்காரன் தண்ணித் தொட்டிக்கு வராமயா இருந்திருப்பான்?"

"அவன் காலத்துல தொட்டி ஏதும்மா?"

"பன்னி இருந்திருக்கும்ல?"

மேற்குக் கரையில் வில்ஃப் தொலைநோக்கியோடு நிற்பார். விதைக்கும் பருவம், அவருக்கு ஆயிரம் வேலை. ஆனாலும் நிற்பார். ஒருமுறை கூப்பிட்டே கேட்டுவிட்டார்.

"என்ன கிளாரன்ஸ், சந்தோஷமா இருக்கியா அங்க?"

"இல்லை வில்ஃப்!"

"பாத்தா அப்படித் தெரியலையே! கூட்டமெல்லாம் பலமா இருக்கே!"

பன்றிகள் நிமிர்ந்து பார்த்தன. கிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு தட்டை ஆட்டினார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார். அந்த அகலமான தண்ணீரைப் பார்த்ததும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவார்.

அக்டோபரில் பிலிப்பா வந்தாள். அவளோடு ஆளுயரத் துளையிடும் கம்பியும் ஒரு நீல நிறத் தார்ப்பாயும் வந்தன. எடுத்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். கிளாரன்ஸ் சுற்றிலும் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு மூன்றடி தள்ளிக் குதிகாலால் ஒரு குழி போட்டார்.

"இங்க."

"நிச்சயமாவா?"

"இங்கதாம்மா."

அவள் கம்பியைத் திருகி இறக்கினாள். பன்றிகள் வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. கம்பியை வெளியே இழுத்து, அதில் ஒட்டி வந்த மண்ணைத் தார்ப்பாயில் நீளமாக வழித்தாள். மேலே ஒரு சாண் கறுப்பு. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நீலக் களி. களியின் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிப்பி.

"மிஸ்டர் டிரிங், ரோமாக்காரங்க காலத்துல நாம நிக்கற இந்த இடம் கடல். கரை இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், மேட்டுல. அன்னிக்குப் பப்புலயே இதைத்தான் சொல்ல வந்தேன்."

"படகுல போயிருப்பான். குனிஞ்சப்ப விழுந்திருக்கும்," என்றார் எனிட்.

"விழுந்திருந்தா களிக்குக் கீழ, ஆளுயர ஆழத்துல இருக்கும் மிஸஸ் லெகட். இவர் ஒரு கை ஆழத்துலன்னு சொன்னார்." பிலிப்பா கிளாரன்ஸ் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை. "எல்லாருமே ஒரு வயல், ரெண்டு வயல் தள்ளிச் சொல்வாங்க. நானும் பேசாம எழுதிக்கிட்டு, அப்புறம் தனியா வந்து சொல்வாங்கன்னு காத்திருப்பேன். இதுவரைக்கும் ஒருத்தரும் கடல்ல கொண்டுபோய் வெச்சதில்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த ஊர் வாய்க்காலெல்லாம் வெட்டினவர் நீங்க. இது கடல் களின்னு உங்களுக்குத் தெரியாதா?"

கிளாரன்ஸின் முகம் சிவந்தது. பொய்யன் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார். திருடன் என்றால்கூட எப்படியோ விழுங்கியிருப்பார். களிமண் தெரியாதவர் என்று ஒருத்தி நினைப்பதை அவர் எப்படித் தாங்குவார்? இதே முப்பதடியானைத் தூர்வாரியபோது இந்த நீலக் களியில்தான் அவருடைய முதல் இயந்திரம் பாதிவரை புதைந்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டியவர் அவர்.

"எனக்கா தெரியாது?" என்று கத்தினார். "எனக்கா? இது உப்புக் களி! வெயில்ல காஞ்சா வெடிக்கும், மழையில வழுக்கும், குழாய் பதிச்சா ஒரே வருஷத்துல அடைச்சுக்கும்! இந்தக் களியில எவன் செருப்பும் கிடைக்காது, கிடைக்கவும் இல்லை! அது ஓட்லிங் மேட்டுல எடுத்தது!"

எனிட்டின் கையிலிருந்த பிளம் ரொட்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. ஒரு பன்றி அதை வாங்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து மேற்குக் கரையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வில்ஃப். மற்றவன் டெஸ்மண்ட் ஸ்னீத், கையில் புதுக் கருவி. வில்ஃப் கேட்டைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவில் சாவி மின்னியது.

கிளாரன்ஸ் கரையைப் பார்த்து ஓடினார். பன்றிகளும் ஓடின.

"வில்ஃப்! அது உன் வயல்! உன் வயல்ல எடுத்தது!"

காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. வில்ஃப் காதில் கை வைத்தார். "என்னது?"

"செருப்பு! உன் வயல்ல! கோடி ஓக் மரத்துக்குத் தெற்க!"

"மரத்துக்கு எங்க?"

"தெற்க! தெற்க! ஒரு கை ஆழத்துல!"

டெஸ்மண்ட் தெற்கே திரும்பி அந்த ஓக் மரத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டான். சபையில் உண்மை சொல்லாத மனிதர், ஸ்கெல்பி முழுக்கக் கேட்கும்படி மரத்தையும் திசையையும் ஆழத்தையும் சொல்லி முடித்தார்.

வில்ஃப் காதிலிருந்து கையை இறக்கினார். "அப்ப நீ அந்த நிலத்துக்குப் போனதே இல்லையா?"

"இந்த அம்மா மிரட்டி இழுத்துட்டு வர்றவரைக்கும் காலே வெச்சதில்லை!"

"சத்தியமா?"

"பெரில் மேல சத்தியமா!"

வில்ஃப் மூக்கை உறிஞ்சினார். குளிர் காற்று என்று பிறகு சொல்லிக்கொண்டார். பக்கத்தில் நின்ற டெஸ்மண்டிடம், "நீ கிளம்புப்பா," என்றார். அவன் ஏதோ சொல்ல, "கிளம்புன்னேன்ல," என்றார். பிறகு வாய்க்காலின் மேல் அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"கிளாரன்ஸ்! அப்படின்னா என் பாதி எங்கய்யா?"

கிளாரன்ஸ் எனிட் லெகட்டைப் பார்த்தார். எனிட் மார்புப் பையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"என்னைப் பாக்காதே. வாராவாரம் என் நிலத்துல நடந்திருக்க, அதுக்கு வாடகை. என் பன்னியெல்லாம் வேலையை விட்டுட்டு உன் பின்னால அலைஞ்சிருக்கு, அதுக்கு நஷ்டம். ஒரு பன்னி உன் ஒலிப்பானைத் தின்னுட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா, அதுக்கு வைத்தியம். கூட்டிப் பாத்தா நீதான் எனக்கு இன்னும் பாக்கி. பழகின ஆளாச்சேன்னு விட்டுடறேன்."

"ரோமாக்காரன் உங்க பக்கம் வரவே இல்லைம்மா."

"வரலைன்னா அவனுக்குத்தான் நஷ்டம்," என்று சொல்லிவிட்டு எனிட் பன்றிகளை ஓட்டிக்கொண்டு போனார். பிலிப்பா தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே, எழுதியிருந்த இடத்தை அடித்துத் திருத்தினாள். கண்டெடுத்த ஒருவர் இடத்தை இவ்வளவு சத்தமாகச் சொல்லி இதுவரை கேட்டதில்லை என்றாள்.

மேற்குக் கரைக்குப் போக மதகுப் பாலம் ஒன்றுதான் வழி. சுற்றிக்கொண்டு ஒரு மைலுக்கு மேல். கிளாரன்ஸ் முழங்கால்வரை பன்றிச் சேற்றோடு அதை நடந்தார். வில்ஃப் கேட்டின் குறுக்குக் கம்பியில் சாய்ந்து காத்திருந்தார். டெஸ்மண்டின் கார் போய்விட்டிருந்தது.

"உன் பங்கை முதல் நாளே எடுத்துட்டு வந்தேன் வில்ஃப். பையிலதான் இருந்துது. நீ பேச விட்டாத்தானே?"

"என் பங்கை அவகிட்ட குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

"எனிட் லெகட்கிட்ட."

"ஆமா."

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? ஸ்னீத்துக்குக் குடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

"உனக்கும் குடுத்துட்டா அந்தச் செருப்புக்கு நான் முழுசாத் தொண்ணூறு குடுத்த கணக்கு. நானே தோண்டி எடுத்ததை நானே விலைக்கு வாங்கியிருக்கேன். எந்தக் கடையிலயும் இதே விலைதான்."

"உன்னை யாரு கடல்ல போடச் சொன்னது?" வில்ஃப் சாவியை எடுத்துக் கேட்டின் கம்பத்து மேல் வைத்தார். கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை. "திங்கக்கிழமை விதைக்கறேன். அதுக்கு முன்னால சனி, ஞாயிறு ரெண்டு நாள் இருக்கு. அந்த ஸ்னீத் மரத்தை மோப்பம் பிடிச்சுட்டான், நீ காலையிலயே வந்துடு. ஆனா ஒண்ணு, கணக்கு தீர்ந்தாத்தான் சாவி."

"தீர்த்துடலாம்."

"இனிமே எங்க எடுத்தாலும் முதல்ல என்கிட்ட காட்டணும். பப்புல இல்லை."

"உன்கிட்டதான்."

"அந்தப் பக்கம் போகக் கூடாது."

"அந்தப் பன்னிங்க கூப்பிட்டாக்கூடப் போகமாட்டேன்."

வில்ஃப் இன்னொரு கையை நீட்டினார். வயல் வேலையில் தழும்பேறிய உள்ளங்கை, நன்றாக விரிந்திருந்தது. கிளாரன்ஸ் பணப்பையைத் திறந்தார். அதில் இரண்டு இருபதுதான் தாளாக இருந்தது. மிச்சத்தைச் சில்லறையாகக் கால்சட்டைப் பையின் அடியிலிருந்து துழாவி எடுக்க வேண்டியிருந்தது.

"இருபது," என்றார்.

"ம்."

"நாப்பது."

"ம்."

ஒரு பவுண்டு நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்தார். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. நான்காவது நாணயத்தில் சேறு அப்பியிருந்தது. வில்ஃப் அதை முகர்ந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், திருப்பிக் கொடுத்தார். கிளாரன்ஸ் அதைச் சட்டைக் கையில் இரண்டு பக்கமும் துடைத்து மறுபடி வைத்தார். கடைசி ஒன்றுக்கு அவர் நாலு பையையும் கவிழ்க்க வேண்டியிருந்தது. அது கிடைத்ததும், வில்ஃபின் உள்ளங்கையில் குவிந்திருந்த மற்றதற்கு மேல் மெதுவாக வைத்து, "நாப்பத்தஞ்சு," என்றார்.